கொத்திக்கு ஒரு மூடி

அலுவலகத்தில் அவனுக்கு வைத்த பெயர் 'ஏற்கெனவே'.

புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். காப்புரிமை வேண்டும் என்பார்கள். அதை வாங்கித் தருவதுதான் அந்த அலுவலகத்தின் தொழில். விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னால், அந்தப் பொருளை உலகத்தில் வேறு யாராவது செய்திருக்கிறார்களா, எங்காவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்க்க வேண்டும். தேடுவது அவன் வேலை. பழைய காப்புரிமைகள், பத்திரிகைகள், கம்பெனிகளின் விற்பனைப் புத்தகங்கள், கல்லூரி ஆய்வேடுகள் என்று எல்லாவற்றையும் கிளறுவான். பெரும்பாலும் அகப்பட்டுவிடும். வந்தவர் முகத்தைப் பார்த்து, "சார், இது ஏற்கெனவே இருக்கு," என்பான். சிலர் சண்டைக்கு வருவார்கள். ஒருவர் அழுதிருக்கிறார்.

பெயர் வைத்தவர் பக்கத்து மேசை வரைபடக்காரர். விண்ணப்பங்களுக்குப் படம் வரைந்து கொடுப்பவர். "டேய் ஏற்கெனவே, டீ சொல்லட்டுமா, இல்ல ஏற்கெனவே குடிச்சிட்டியா?" என்று ஒரே ஜோக்கைத் தினமும் புதிதுபோலச் சொல்வார். அவன் மனைவி இறந்த பிறகு கொஞ்ச காலம் அந்தப் பெயரைச் சொல்லாமல் இருந்தார். அதுதான் அவனுக்குச் சங்கடமாக இருந்தது. ஒருநாள் மறந்துபோய்க் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பரவாயில்லண்ணே. கூப்பிடுங்க," என்றான்.

மாணவர்களுக்கான கட்டுரைப் போட்டி மேடத்தின் ஆசை. அலுவலகத்தை நடத்தும் வழக்கறிஞரை எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வார்கள். வருடா வருடம் போட்டி நடக்கும். தலைப்பு மாறாது: 'அறிவுசார் சொத்துரிமையும் புத்தாக்கமும்.' போன வருடம் முதல் பரிசு வாங்கிய கட்டுரை, பரிசு கொடுத்த கை ஈரம் காய்வதற்குள், வேறொருவர் எழுதியதன் வரிக்கு வரி நகல் என்று தெரிந்துவிட்டது. "திருடக் கூடாதுன்னு எழுதுடான்னா, அதையே திருடிட்டு வந்து மாலை போட்டுக்கிட்டுப் போயிட்டானே," என்று வரைபடக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. இந்த வருடம் கட்டுரைகளைச் சரிபார்க்கும் வேலையை அவன் தலையில் கட்டினார்.

அவன் ஒரு யோசனை சொன்னான். வருகிற கட்டுரை ஒவ்வொன்றும், எழுதியவர் பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டு, அனுப்பிய நிமிடமே அலுவலகத்தின் இணையதளத்தில் ஏறிவிட வேண்டும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். காப்பியடித்தது என்றால் ஊரே காட்டிக்கொடுத்துவிடும். கடைசித் தேதி வரை எழுதியவர்கள் திருத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாகும்.

"பிரமாதம்," என்றார் மேடம். அறையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். விண்ணப்பம் போடும் முன் விஷயம் வெளியே வந்துவிட்டால் காப்புரிமை கிடையாது என்பது அவர்களுக்கு அரிச்சுவடிப் பாடம். "பதியற வரைக்கும் மூச்சு விடாதீங்க, கட்டின பெண்டாட்டிகிட்ட கூட யோசிச்சுச் சொல்லுங்க," என்று வருகிறவர்களிடமெல்லாம் ஓதுகிறவர்கள். அவர்களில் ஒருவருக்கும், கட்டுரைக்குள்ளேயே ஒரு கண்டுபிடிப்பு இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று தோன்றவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை. பிள்ளைகள் எழுதும் கட்டுரையில் என்ன இருந்துவிடப் போகிறது.

அவனுடைய மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு விண்ணப்பம் தயாராக இருந்தது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவன் மனைவியின் பெயர்.

பொருள் சின்னது. நோய்க்குக் கொடுத்த மருந்து அவள் விரல்களை மரத்துப்போகச் செய்துவிட்டது. மாத்திரை அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை அமுக்கி எடுக்க முடியவில்லை. அவன் பட்டன் போட்டுவிட்டான், தலை வாரிவிட்டான். அதற்கெல்லாம் ஒத்துக்கொண்டவள் மாத்திரைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"நோயை நான் கேக்காமலே குடுத்துட்டாங்க. மருந்தையாவது நானே எடுத்துக்கறேன்," என்றாள்.

அவன் அலுவலகத்திலிருந்து எடுத்துவந்த உடைந்த ஸ்டேப்ளர் ஒன்று வீட்டில் கிடந்தது. அதன் அடித்தட்டில் பின்கள் மடங்கும் தகட்டை நெம்பி எடுக்கச் சொன்னாள். ஓட்டை விழுந்தது. அரத்தால் அதை அகலப்படுத்தச் சொன்னாள். மேல் தாடையில் பென்சில் முனை ரப்பரை ஒட்டச் சொன்னாள். அடியில் இரண்டு தக்கைகளைக் கால்களாக வைத்தாள். அட்டையை உள்ளே நுழைத்து, மேலே முழங்கையால் ஒரு அமுக்கு. ரப்பர் மாத்திரையைக் குத்தும், மாத்திரை ஓட்டை வழியாகக் கீழே விழும். விரலே வேண்டாம்.

"தலையாட்டித் தலையாட்டிக் கொத்துது பாருங்க," என்றாள். அன்றிலிருந்து அதற்குக் கொத்தி என்று பெயர்.

அப்போதே அவள் கேட்டாள். "தேடிப் பாருங்களேன். ஏற்கெனவே இருக்கா?"

அவன் தேடவில்லை. இருந்துவிட்டால் அவளிடம் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். "வேலை தலைக்கு மேல கெடக்குது," என்று தள்ளிப்போட்டான். அவள் போன பிறகுதான் தேடினான். மாத்திரை எடுக்கும் கருவிகள் இருந்தன. எல்லாமே விரலால் பிடிக்க வேண்டியவை. முழங்கையால் அமுக்குவது எங்கும் இல்லை. எத்தனை நாள் தேடியும் இல்லை. அதைக் கேட்பதற்கு அவள் இல்லை.

மாமியாரிடம் சொன்னான். அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "குழந்தை குட்டின்னும் ஒண்ணும் இல்ல. அவ பேர் சொல்ல அதாவது இருக்கட்டும் மாப்பிள்ளை," என்றார். பார்க்கும்போதெல்லாம் கேட்டார். மேடம் கட்டணமில்லாமல் எழுதிக் கொடுத்தார். வரைபடக்காரர் கொத்தியை நாலு பக்கமிருந்தும் வரைந்து கொடுத்தார். எல்லாம் ஆயிற்று. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு இடம் பாக்கி. கண்டுபிடித்தவர்: உயிருடன் உள்ளார், காலமானார். இரண்டில் ஒன்றில் டிக் போட வேண்டும்.

நாளைக்குப் போடலாம் என்று ஒவ்வொரு நாளும் இழுப்பறையை மூடினான்.

கட்டுரைகளைப் படிப்பது கஷ்டமான வேலையாக இல்லை. பாதிப் பேர் ஒரே மேற்கோளில் ஆரம்பித்தார்கள், மீதிப் பேர் சக்கரத்தைக் கண்டுபிடித்த ஆதிமனிதனிடம் ஆரம்பித்தார்கள். "ஆதிமனிதனுக்குக் காப்புரிமை குடுத்திருந்தா நாம இன்னும் நடந்துதான் போகணும்," என்றார் வரைபடக்காரர்.

முப்பத்தேழாம் எண் வேறு மாதிரி ஆரம்பித்தது.

'என் அக்காவுக்கு விரல்கள் வேலை செய்யாமல் போன வருடம், எங்கள் வீட்டில் ஒரு ஸ்டேப்ளருக்கு அலகு முளைத்தது.'

அவன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். மீதியைப் படித்தான். தகட்டை நெம்பியது, ரப்பர், தக்கைகள், முழங்கை. ஒன்று விடாமல் இருந்தது. பெரிய ஆராய்ச்சிக்கூடங்களில் மட்டுமல்ல, படுக்கையிலிருந்து எழ முடியாதவரின் கையிலும் புத்தாக்கம் பிறக்கும், முதலில் செய்தவள் என் அக்கா என்று எழுதியிருந்தாள். பெயர் இல்லை. கட்டுரையில் யாருடைய பெயரும் வரக் கூடாது என்பது போட்டியின் விதி.

மனைவிக்கு ஒரே தங்கை. வெளியூர்க் கல்லூரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். போட்டியைப் பற்றி அவளிடம் சொன்னதே அவன்தான். சும்மா கிடப்பதற்கு எழுதிப் பாரேன் என்றிருந்தான். விண்ணப்பத்தைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை. வெளியே மூச்சு விடக் கூடாது என்று மாமியாரின் வாயை அடைத்து வைத்திருந்ததும் அவன்தான்.

கட்டுரை இணையதளத்தில் ஏறி ஒரு வாரம் ஆகியிருந்தது.

மேடத்தின் அறைக்குப் போய்ச் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இப்பவே எடுத்துட்டா?" என்றான். பதில் தெரிந்த கேள்வி.

"ஒரு வாரம் ஊர் பார்த்தாச்சு. எடுத்தா மட்டும் பார்க்காததா ஆயிடுமா? சில நாட்டுல குடும்பத்துக்காரங்களே சொல்லிட்டா கொஞ்ச காலம் சலுகை குடுப்பாங்க. இங்க அதுவும் கிடையாது."

"யாரும் கவனிக்க மாட்டாங்க மேடம். பசங்க கட்டுரை."

"நீ சொல்றியா இதை?" என்றார் மேடம். கோபமாகச் சொல்லவில்லை. "சரி, மறைச்சுப் போடறோம்னே வெச்சுக்க. நாளைக்கு ஒரு கம்பெனிக்காரன் எதிர்த்து நின்னா முதல்ல எதைத் தூக்கிக் காட்டுவான்? இந்தக் கட்டுரையை. முதல்ல யாரைக் கூண்டுல ஏத்துவான்? அந்தப் பொண்ணை. நான்தான் எங்க அக்காவோட உரிமையைக் கெடுத்தேன்னு அவ வாயாலேயே சொல்ல வெப்பான்."

மேடம் கண்ணாடியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"கட்டுரையில வராதது ஏதாவது இருக்கா?" என்றார் மேடம். "யோசி. சின்னதா இருந்தாலும் சரி."

இருந்தது. மூடி.

கொத்தி வந்த புதிதில், குத்துப்பட்ட மாத்திரை தக்கைகளுக்கு நடுவே விழுந்து துள்ளி ஓடிவிடும். ஒரு தடவை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அவன் டார்ச்சோடு தரையில் ஊர்ந்தான். மேலேயிருந்து அவள் சிரித்தாள். "உங்க வேலையே தேடறதுதானே, நல்லாத் தேடுங்க." அவன் தூசியோடு எழுந்ததைப் பார்த்து இன்னும் சிரித்தாள், பிறகு மூச்சு வாங்கியது. மறுநாள் டானிக் பாட்டிலின் அளவு மூடியை ஓட்டைக்கு நேர் கீழே, தக்கைகளுக்கு நடுவே செருகினாள். இழுத்தால் வரும், தள்ளினால் போகும். அப்படியே எடுத்து வாயில் கவிழ்த்துக்கொள்ளலாம். அது அவளுடைய கடைசி வேலை. சின்னவள் அதற்கு முன்பே பரீட்சைக்கென்று விடுதிக்குத் திரும்பியிருந்தாள்.

"மூடி கட்டுரையில இல்ல மேடம்."

"அப்ப மூடியோட சேர்ந்த கொத்திக்கு மட்டும் கேப்போம். குட்டி உரிமைதான். எவனும் காசு குடுத்து வாங்க மாட்டான்."

"காசு வேண்டாம். பேர் வந்தா போதும்."

"வரும். இன்னிக்கு நான் மாத்தி எழுதறேன், வரைபடக்காரர் படத்தை மாத்தட்டும், நாளைக்குக் காலைல முதல் வேலையாப் போட்டுடலாம். அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசு. வேற எங்கயாவது எழுதியிருக்காளா, அவளுக்கு என்னென்ன தெரியும்னு கேளு. நீயா எதையும் எடுத்துக் குடுக்காதே."

அது அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேடுகிறவன், தேடுவது என்னவென்று வாயைத் திறந்து சொல்லக் கூடாது. எத்தனையோ பேரிடம் அப்படிக் கேட்டுப் பழகியவன். மாடிப்படியில் நின்றுகொண்டு சின்னவளைக் கூப்பிட்டான்.

"மாமா! படிச்சீங்களா? எது என்னுதுன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"ஸ்டேப்ளருக்கு அலகு முளைச்சப்பவே தெரிஞ்சுது."

"சும்மா சொல்லுங்க, நல்லா இருக்கா? பேர் போடக் கூடாதாமே, அக்கா பேரைப் போடாம எழுதறதுக்குள்ள உயிர் போயிடுச்சு."

"நல்லா இருக்கு." கைப்பிடியில் பெயின்ட் உரிந்திருந்தது. அதைக் கிள்ளினான். "வேற எங்கயாவது எழுதினியா இதை? யாருக்காவது காட்டினியா?"

"இல்ல மாமா. முதல் தடவை எழுதறேன். எழுதி முடிச்சிட்டு ஒரு அழுகை அழுதேன் பாருங்க, ரூம்ல இருக்கறவ பயந்துட்டா." மூக்கை உறிஞ்சினாள். "கொத்தி இப்ப எங்க மாமா இருக்கு?"

அவன் யாரிடமும் மனைவியைப் பற்றி உட்கார்ந்து பேசியதில்லை. பேசினால் துக்கம் விசாரிப்பார்கள். இவள் கொத்தி எங்கே என்று கேட்கிறாள். எதுவோ ஒன்று நெகிழ்ந்துவிட்டது.

"உங்க அம்மாகிட்டதான். பிரஷர் மாத்திரைக்கு வெச்சிருக்காங்க," என்றான். பிறகு, "அதுக்கு அடியில ஒரு மூடி இருக்குமே, நீ பார்த்திருக்கியா?" என்றான்.

"மூடியா?"

சொல்லி முடித்ததும்தான் வாய் தவறியது தெரிந்தது. "ஒண்ணுமில்ல, விடு. சும்மா கேட்டேன்," என்று பேச்சை மாற்றினான். பரீட்சையைப் பற்றிக் கேட்டான். இதை யாரிடமும் சொல்லாதே, எழுதாதே என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால், அழுது அழுது எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்ன செய்வாள். நாளை காலையில் எல்லாம் முடிந்துவிடும் என்று போனை வைத்தான்.

காலையில் வரைபடக்காரர் புதுப் படங்களோடு காத்திருந்தார். மூடியைத் தனியாகவும், செருகிய நிலையிலும் வரைந்திருந்தார். "மூடி என்னமா உட்கார்ந்திருக்கு பாருடா. மூளைக்காரிடா அவ," என்றார். மேடம் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். அவன் கடைசிப் பக்கத்தை விரித்துப் பேனாவை எடுத்தான். அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை தேடிப் பார்ப்பது அலுவலகத்தின் வழக்கம். பேனாவை வைத்துவிட்டு இணையதளத்தைத் திறந்தான்.

முப்பத்தேழாம் எண்ணுக்குப் பக்கத்தில் 'திருத்தப்பட்டது' என்று இருந்தது. நேற்றைய தேதி, மாலை நேரம்.

ஒரு பத்தி கூடியிருந்தது. அம்மாவிடம் போனில் கேட்டு எழுதியிருக்கிறாள். டானிக் மூடி, தக்கைகளுக்கு நடுவே, இழுத்தால் வரும், தள்ளினால் போகும். மாத்திரை சிதறாமல் மூடியில் விழும் ஓசையைக் கேட்டுத்தான் எங்கள் அம்மாவுக்கு இப்போது பொழுது விடிகிறது என்று முடித்திருந்தாள். நல்ல வரி.

வரைபடக்காரர் தோளுக்கு மேலாகப் படித்தார்.  படங்களை எடுத்து ஒழுங்காக அடுக்கி, கோப்பில் வைத்துக் கட்டினார். டீ வாங்கிக்கொண்டு வந்து அவன் எதிரில் வைத்தார். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

வார இறுதியில் மாமியார் வீட்டுக்குப் போனான். சின்னவள் வந்திருந்தாள். கதவைத் திறந்ததே அவள்தான்.

"மூடியைப் போட்டுட்டேன், பார்த்தீங்களா மாமா? நீங்க கேட்டப்பவே புரிஞ்சிடுச்சு, கட்டுரையில என்னமோ குறையுது, நேரா சொல்லக் கூடாதுன்னு ஜாடையா சொல்றீங்கன்னு. சரி பாக்கறவராச்சே!"

"பார்த்தேன்," என்றான்.

மாமியார் அவனை உட்காரவைத்து மின்விசிறியைப் போட்டார். தட்டில் கொஞ்சம் பிஸ்கட் வைத்தார். அவர் கேட்கப்போவது தெரியும். அவர் கேட்டார்.

"அந்த வேலை என்னாச்சு மாப்பிள்ளை? இவகிட்ட நேத்துதான் சொன்னேன். இனிமே எதுக்கு மறைக்கணும், வீட்டுப் பொண்ணுதானே."

"என்கிட்ட ஏன் மாமா சொல்லல? அக்கா பேர்ல பேட்டன்ட்டா!" சின்னவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு இன்னும் கணக்குப் புரியவில்லை. ஆனால் அவள் கட்டுரையின் தலைப்பே இதுதான். அதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறாள். இன்னும் ஒரு கேள்வி, இன்னும் ஒரு ராத்திரி. கெடுத்தது தன் கட்டுரைதான் என்று தானாகவே புரிந்துவிடும்.

"இல்ல அத்தை," என்றான். "கடைசியாத் தேடினதுல கிடைச்சிடுச்சு. ஏற்கெனவே இருக்கு."

மாமியார் பிஸ்கட் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அப்ப அவ கண்டுபிடிக்கலையா?" என்றார் மாமியார்.

"கண்டுபிடிச்சா. அவளுக்கு முன்னாடியே ஒருத்தர் செஞ்சிருக்காங்க. எங்கயோ தூர தேசத்துல."

"மூடியோடவா?" என்றாள் சின்னவள்.

"மூடியோட."

"யாரு மாமா? என்ன வருஷம்? எனக்கு அனுப்புங்க, கட்டுரையில அடிக்குறிப்பாப் போட்டுடறேன்."

ஆதாரம் இல்லாமல் அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "பொதுவுல பார்க்க முடியாது. ஆபீஸ் கணக்குலதான் திறக்கும்," என்றான். பொய் சரளமாக வந்தது. அதுதான் ஆச்சரியமாக இருந்தது.

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அவளும் பைத்தியம் மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்து செஞ்சாளே," என்றார். "இருக்கறதையே செஞ்சிருக்கா பாவம்." மாத்திரை நேரம் வந்திருந்தது. அலமாரியிலிருந்து கொத்தியை எடுத்து, அட்டையை நுழைத்து, உள்ளங்கையால் அமுக்கினார். மாத்திரை மூடியில் டக்கென்று விழுந்தது. முன்பு அந்தச் சத்தத்துக்கு அவர் மெல்லச் சிரிப்பார். இப்போது மூடியை எடுத்து, வாயில் கவிழ்த்துக்கொண்டு, தண்ணீர் குடித்தார். மருந்து சாப்பிடுகிறவர் மாதிரி.

சின்னவள் மடிக்கணினியைத் திறந்துகொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"முதலில் செய்தவள் என் அக்கான்னு எழுதியிருக்கேன் மாமா. பொய்யாச்சே அது. எடுத்துடறேன்."

"எடுக்காதே."

"யாராவது பிடிச்சிட்டா?"

"சரி பாக்கறது நான்தான்."

அவள் அவனைப் பார்த்தாள். "நீங்களே இப்படிச் சொல்றீங்களே மாமா," என்றாள். ஆனால் மூடிவிட்டாள்.

திங்கட்கிழமை கட்டுரைகளுக்கான சரிபார்ப்புத் தாள்களை மேடத்திடம் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தை இழுப்பறையின் அடியில் தள்ளினான். கடைசிப் பக்கத்தில் டிக் போடாமலே இருந்தது. இனி போட வேண்டியதும் இல்லை.

தாள்களை வரிசையாக நிரப்பினான். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: 'கட்டுரையில் கூறப்பட்டுள்ளது இதற்கு முன் வேறெங்கும் உள்ளதா?' பல தாள்களில் உள்ளது என்று எழுதி, எங்கே என்றும் எழுதினான். முப்பத்தேழாம் தாள் வந்தது.

"டீ சொல்லட்டுமாடா?" என்றார் வரைபடக்காரர்.

"சொல்லுங்கண்ணே."

'இல்லை' என்று எழுதினான். தேடிய இடங்களைக் குறிக்க வேண்டிய கட்டத்தில், தேடிய இடங்களை எல்லாம் எழுதினான். கட்டம் போதவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதினான்.